சஹனில் இரண்டாம் தரம் சோறு போட்டவன்

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் நீங்கள் வாசித்து முடிக்காமலே எழும்பிப் போய்விடுவீர்கள்.

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கரியரில் சாக்குப் போர்த்திய ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு கற்பிட்டிக் கரையோரம் முழுக்க மிதித்தவன். அந்தச் சைக்கிளிலிருந்து ஒரு லொறி வந்தது, ஒன்றிலிருந்து மூன்று வந்தது, மூன்றிலிருந்து ஐஸ் தொழிற்சாலை வந்தது. எத்தாளைப் பக்கம் உடைமரப் பற்றையும் பாம்புமாய்க் கிடந்த மணல்வெளியை மைதானம் ஆக்கியதும் நான்தான். முதலாவது கோல் கம்பம் உடைந்த வள்ளத்தின் பாய்மரம். யுத்தகாலத்தில் கடலுக்குப் போகவும் பாஸ் வேண்டும், ரோட்டில் போகவும் சோதனை. அந்த நாளிலும் ஐஸ் இறக்கிய லொறியில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு வெளியூருக்கு விளையாடப் போனோம். இறங்கும்போது பொடியன்மாருக்குப் பல் கிடுகிடுக்கும், அரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்திக் காயவைத்துத்தான் மைதானத்துக்குள் விடுவேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள், உச்சமுனைக் கத்தோலிக்கப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே ஜேர்சி போட்டுவிட்டவன் நான்.

ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவை ஒன்றும் இல்லை. புதிதாகச் செயற்குழுவுக்கு வந்திருக்கிற நீங்கள், மூன்றாம் பிரிவில் வால் பக்கம் கிடந்த கழகத்துக்கு நாட்டு அணியின் பழைய தலைவர் எப்படிப் பயிற்றுவிப்பாளராக வந்தார், வந்தவர் எப்படி நின்றார் என்று கேட்டீர்கள். வந்தது ஒரு கதை, நின்றது வேறு கதை. நின்ற கதையில்தான் பாடம் இருக்கிறது.

யுத்தம் முடிந்து கரையோரத்தில் ஹோட்டல்கள் முளைத்த நேரம் அது. டொல்பின் பார்க்க வான் வானாக ஆட்கள் வருவார்கள். ஒருநாள் காலையில் ஹோட்டலுக்குப் போகும் மணல்பாதையில் ஒரு வான் அச்சு வரைக்கும் புதைந்து கிடந்தது. என் லொறியில் கயிறு கட்டி இழுத்தோம். பின்னால் நின்று தள்ளிய நரைத்த தலை மனிதரைப் பார்த்ததும் என் கை கயிற்றை விட்டுவிட்டது. என்னுடைய முதலாவது லொறியில், சாரதி இருக்கைக்கு மேலே, பத்திரிகையில் வெட்டி ஒட்டியிருந்த படம் அவருடையது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. நாங்கள் எல்லோரும் கெப்டன் என்றுதான் சொன்னோம்.

“கெப்டன், இப்ப எந்த டீமப் பழக்குறீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்ல. ஒரு வருஷமா ஊட்டுலதான்.”

“ஏன்?”

“பெரிய கழகம், பெரிய ஆக்கள். ஒத்து வரல்ல.”

“நான் ஐஸ் யாவாரி கெப்டன். சும்மா வெச்சிருந்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்.”

சிரித்தார். “உங்கட கழகம் எந்தப் பிரிவு?”

“மூண்டாம் பிரிவு.”

“அதுல எத்தினாவது?”

“கடைசிக்கு ஒண்டு முன்னுக்கு.”

வானின் கதவில் சாய்ந்துகொண்டு காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். “சரி, மைதானத்தக் காட்டுங்க,” என்றார்.

நான் கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் செயற்குழு மூன்று கூட்டம் கூடி வசனம் திருத்தியிருக்கும், டொல்பினும் போயிருக்கும் கெப்டனும் போயிருப்பார். கேட்க வேண்டிய ஆள் முன்னால் நின்றால் நின்ற இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த கிழமை செயற்குழுவில் சண்டை. நமது செயலாளர் மாஸ்டரை உங்களுக்குத் தெரியும், அன்றும் அவர்தான் செயலாளர்.

“ஹாஜியார், அவர் நாட்டுக்கு விளையாடினவர்,” என்றார். “நம்மட பொடியன்மார் வலையில இருந்து சாரத்தோட நேரா மைதானத்துக்கு வாறவனுகள். ஒரு மாசம் தாங்குவாரா?”

“சீசன் முடியும் மட்டும் நிப்பார். அதுக்கு முந்திப் போனா நான் தலைவர் கதிரைய விட்டுட்டுப் போறன். புத்தகத்துல எழுதுங்க.”

எழுதமாட்டார் என்று நினைத்தேன். எழுதினார். கையொப்பமும் வாங்கினார்.

பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. சிலாபத்திலிருந்து மன்னார் வரைக்கும் சிரித்தார்கள். ஐஸ் ஹாஜியாருக்கு மூளை உறைந்துவிட்டது என்று மீன் ஏலத்தில் என் காதுபடவே சொன்னார்கள். ஆக, கெப்டன் நின்றால்தான் எனக்குக் கதிரை, கெப்டன் நின்றால்தான் எனக்கு அந்தக் கரையில் முகம்.

இனி என் பிழை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவரை வரவேற்க என் வீட்டில் விருந்து வைத்தேன். உங்களில் வெளியூர் ஆட்கள் இருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் விருந்தில் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, மேலே கோழியும் இறைச்சியும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் இருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். ஆட்டக்காரர்களுக்கு முற்றத்தில் சஹன் வைத்தேன். கெப்டனுக்கு மட்டும் விறாந்தையில் மேசை போட்டேன். வெள்ளைத் துணி, ஹோட்டலில் இரவல் வாங்கிய கரண்டியும் முள்ளும், தலைக்கு மேலே மின்விசிறி. அவரோடு நான், மாஸ்டர், பிரதேச சபையிலிருந்து ஒரு பெரியவர். கெப்டன் இரண்டு மூன்று தரம் முற்றத்துப் பாயை எட்டிப் பார்த்தார். பொடியன்மார் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறார்களோ என்று கணக்குப் பார்க்கிறாராக்கும் என நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அன்று போட்ட மேசையை அதற்குப் பிறகு எடுக்க முடியவில்லை. அவர் மைதானத்துக்குள் கால் வைத்தால் பொடியன்மார் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எழும்பி நிற்பார்கள். என்ன சொன்னாலும் “ஓம் சேர்”. விளங்கியதா என்றால் “ஓம் சேர்”. களைப்பா என்றாலும் “ஓம் சேர்”, களைப்பில்லையா என்றாலும் “ஓம் சேர்”. இப்படி ஒழுக்கமான அணி இந்தக் கரையில் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

முதலாவது ஆட்டம் தோல்வி. இரண்டாவது சமநிலை. மூன்றாவது எங்கள் மைதானத்தில்.

நமது மைதானத்துக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து தன் பாட்டில் நடந்து போகும். ஆனால் அந்தக் காற்று ஓயப்போகிற கடைசிக் கிழமைகளில் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு மண்ணை அள்ளி எறியும், ஐந்து மணிக்கு அப்படியே விழுந்துவிடும். ஆகவே நாலு மணி ஆட்டத்தில் முதற்பாதியிலேயே காற்றை முதுகில் வைத்து விளையாட வேண்டும். இது எங்கள் ஊர் ஆடு மாட்டுக்கும் தெரியும்.

கெப்டன் கொழும்பு ஆள். பொடியன்மார் உசாராக இருக்கும்போது காற்றை எதிர்ப்போம், களைத்த பிறகு அது நம்மைத் தள்ளட்டும் என்று கணக்குப் போட்டார். அணித் தலைவன் சவிரி. உச்சமுனையிலிருந்து களப்பைத் தாண்டி வள்ளத்தில் வருகிறவன், நமது கோல் காப்பாளன். நாணயம் சுண்டப் போகும்போது அவனைக் கூப்பிட்டு, “வெண்டா காத்துக்கு எதிர்ப் பக்கத்த எடு,” என்றார் கெப்டன். “ஓம் சேர்,” என்றான் சவிரி. வென்றான். எதிர்ப் பக்கத்தை எடுத்தான். நான் அன்று ஐஸ் கேட்டு வந்த ஒருவனோடு வாய்ச்சண்டையில் நின்றதால் பிந்தித்தான் வந்தேன். வரும்போது மூன்று கோல் விழுந்திருந்தது. இரண்டாம் பாதியில் காற்று செத்துப் போயிற்று. கொடிக்கம்பத்தில் கொடி துவைத்துப் போட்ட சாரம் மாதிரித் தொங்கியது. மூன்றுக்குப் பூச்சியம்.

மறுநாள் கெப்டன் என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாக வந்தார்.

“ஹாஜியார், ஞாயித்துக்கெழம மூணு மணி பஸ்ஸுல நான் போறன். இவனுகள் நான் செல்றதக் கேக்குறானுகள். ஆனா என்னோட கதைக்கிறானுகள் இல்ல. சுவரோட எத்தின நாள் பந்து அடிக்கிற?”

“ஞாயித்துக்கெழம பகல் சாப்பாடு என்ட ஊட்டுல. சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அன்று பின்னேரமே களப்புக் கரைக்குப் போனேன். சவிரி வள்ளத்துக்குள் இருந்து வலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“காத்து விழும் எண்டு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் ஹாஜியார்.”

“பிறகென்னத்துக்கு அந்தப் பக்கத்த எடுத்த?”

“அவர் பெரிய மனிசன். நான் எப்பிடிச் சொல்லுற?”

அவனுக்கு ஏச வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் எனக்கு என்னுடைய பழைய முதலாளி ஞாபகம் வந்தார். புத்தளம் டவுனில் மீன் வியாபாரி, எனக்குத் தொழில் தந்தவர். முதல் வருடம் கொழும்புக்குப் போகிற லொறியை நிரப்பிவிட்டு, “ஐஸ் காணுமா?” என்று என்னைக் கேட்டார். காணாது, வழியிலேயே உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் இருபது வருடமாக மீன் அனுப்புகிற மனிதர், நான் நேற்று வந்தவன். “ஓம் முதலாளி,” என்றேன். மீன் போய்ச் சேரும்போது பெட்டியைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு நாற்றம். அவர் ஐஸுக்காக என்னை ஏசவில்லை. “நான் உன்னக் கேட்டது உன்ட கண்ணுக்காக, உன்ட மரியாதைக்காக இல்ல,” என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஒரு ஓமும் சும்மா சொன்னதில்லை.

அதே பிழையை சவிரி செய்திருக்கிறான். அவனைச் செய்யவைத்த மேசையைப் போட்டவன் நான். நானே போய்க் கெப்டனிடம் காற்று விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு பெரிய மனிதன் பொடியன்மாருக்காகக் கதைத்த மாதிரி முடிந்திருக்கும், அவர்கள் வாய் பூட்டினபடியே இருந்திருக்கும். இது சவிரியின் வாயிலிருந்து வரவேண்டும் என்று முடிவு செய்தேன். நெருக்கடியில் நான் எடுத்த முதலாவது சரியான முடிவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி, “மேசை போடட்டா?” என்று கேட்டாள்.

“மேசையக் கோடிப்புறத்துல போடு. பாய விரி.”

“இந்தப் புத்தி அண்டைக்கு எங்க போச்சு?” என்றாள். பாயை நானே எடுத்து விரித்தேன்.

ஒரே சஹனில் கெப்டன், சவிரி, இன்னும் நான்கு ஆட்டக்காரர். நான் பாயில் இருக்கவில்லை, சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். கெப்டன் பாயில் சம்மணம் கொட்டி இருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் குத்தியது. பழகின ஆள் இருக்கிற மாதிரி இருந்தார்.

“சஹன்ல இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்,” என்றார். “எங்கட ஒழுங்கையில கலியாணம் எண்டா கோழிய உடைச்சுப் பங்கு வெக்கிறது நான்தான்.” சொல்லிக்கொண்டே கோழியை உடைத்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளினார். ஒரு பெரிய துண்டை சவிரி பக்கம் தள்ளி, “இதையாவது புடி,” என்றார்.

முதலில் சிரித்தது சவிரிதான். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த மைதானத்தில் அவர் வந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம்.

சிரிப்பு முடிவதற்குள் சவிரி சொன்னான். “சேர், அண்டைக்கு விட்ட மூண்டுல ரெண்டு காத்து அடிச்சது.”

“காத்து எல்லாருக்கும் ஒண்டுதானே. ரெண்டாம் பாதியில நமக்கு வரும் எண்டுதானே அந்தப் பக்கம் எடுக்கச் சென்ன.”

“வராது சேர். இந்த மாசத்துல அஞ்சு மணிக்குக் காத்து விழுந்திரும்.”

கெப்டனின் கை சோற்றில் நின்றது. “உனக்கு முதல்லயே தெரியுமா?”

“ஓம் சேர்.”

“நாணயம் சுண்ட முந்தி?”

“ஓம் சேர்.”

மற்ற நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். நான்கு பேரும் “ஓம் சேர்” என்றார்கள். அதுவும் அந்த நேரம் பார்த்து.

அவர் முகம் கறுத்துவிட்டது. “அப்ப எல்லாரும் தெரிஞ்சிக்கிட்டு என்னப் பைத்தியக்காரனா நிக்க வெச்சிருக்கீங்க,” என்றார். கையை எடுத்தார். எழும்புவதற்கு ஒரு முழங்காலையும் தூக்கிவிட்டார். அவருடைய பேக் வாசலில் இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

ஆனால் சஹனுக்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்றாகக் கைவைத்தவர்கள் எல்லோரும் முடிக்கும் வரைக்கும் யாரும் எழும்புவதில்லை. கெப்டன் அந்த முறையில் வளர்ந்த மனிதர். சவிரி கத்தோலிக்கன் என்றாலும் எங்கள் கலியாண வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவனுக்கும் தெரியும். மற்ற நான்கு பேரும் பயத்தில் கையை எடுத்துவிட்டார்கள். சவிரி எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோற்றை ஒரு பருக்கை, ஒரு பருக்கையாகப் பொறுக்கினான். கெப்டன் அவன் கையையே பார்த்தார். தூக்கிய முழங்காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஆனால் சஹனில் மிஞ்சியிருந்தது நாலு பிடி. எவ்வளவு நேரத்துக்குப் பொறுக்குவான்? அவன் கை எடுத்த மறுநிமிடம் மனிதர் எழும்புவார், பேக்கைத் தூக்குவார், என் கதிரையும் அவரோடு போகும். அந்த நேரத்தில் எனக்கு ஆலோசனை சொல்ல மாஸ்டரும் இல்லை, செயற்குழுவும் இல்லை. என் கையில் சோற்றுக் கோப்பை இருந்தது. நிறைத்து அள்ளி, சஹனின் நடுவில் கொட்டினேன். மேலே இறைச்சி ஆணமும் ஊற்றினேன்.

“போதும் ஹாஜியார்,” என்றார் கெப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பொடியன் பசியோட இரிக்கான் கெப்டன்.”

அவர் சவிரியைப் பார்த்தார். சவிரிக்குத் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது என்று பார்த்த எவனுக்கும் தெரியும். “ஓம் சேர், பசிக்குது,” என்றான்.

மூன்று நான்கு வாய் சாப்பிட்டான். கெப்டனுக்குப் போகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கடைசியில் அவர்தான் கேட்டார். “ஏன்டா செல்லல்ல?”

சவிரி வாயிலிருந்ததை விழுங்கினான். “சேர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். அஞ்சு மணிக்குக் காத்து விழுந்த நேரமும், சேருக்குத் தெரிஞ்ச வேற காத்து ஒண்டு வருமாக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.”

கெப்டன் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வந்து, புரைக்கேறி, நான் முதுகில் தட்டவேண்டி வந்தது. சிரித்து முடிந்த பிறகு, அந்தப் பெரிய கழகத்திலும் இதுதான் நடந்தது என்றார். எல்லோரும் முன்னால் ஓம் சொல்வார்கள், தோற்ற பிறகு பின்னால் கதைப்பார்கள். இவனாவது முகத்துக்கு நேரே சொல்கிறான் என்றார்.

“வேற என்ன எல்லாம் எனக்குத் தெரியாது?” என்று கேட்டு, எடுத்த கையைத் திரும்பவும் சோற்றில் வைத்தார்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். களப்புப் பக்க மூலையில் மண் இளகும், பந்து எழும்பாது என்றான் ஒருவன். அதிகாலை வலைக்குப் போய் வருகிற கிழமைகளில் கால் ஓடாது, அந்தக் கிழமைகளில் ஓட்டப்பயிற்சியைக் குறையுங்கள் என்றான் இன்னொருவன். நான் சஹனை எடுக்க விடவில்லை. இனிப்புக்கு வட்டிலப்பத்தையும் அந்தப் பாயிலேயே கொடுத்தேன். பஸ் போன சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கெப்டன் ஒரு வேலை வைத்தார். தனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும், சொல்லாதவன் வெளியே இருப்பான். தோல்விகள் குறைந்தன. சீசனின் கடைசி ஆட்டம், கச்சான் முழுதாக ஓயும் முன்னரே, எங்கள் மைதானத்தில் வந்தது. வென்றால் இரண்டாம் பிரிவு.

அன்று கெப்டனுக்குக் காற்று நன்றாகப் பாடம். முதற்பாதியில் முதுகில் வைப்போம் என்று தயாராக நின்றார். சவிரி களப்புக்கு மேலே கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

“இண்டைக்கு விழாது சேர். கூடும்.”

“உறுதியா?”

“கடலுக்குப் போறவன் உறுதி சொல்லுறல்ல சேர். ஆனா என்ட வலை எல்லாத்தையும் கரையில ஏத்தி வெச்சிட்டுத்தான் வந்திருக்கன்.”

ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பது கெப்டனுக்கு விளங்கியது. “எதிர்ப் பக்கத்த எடு,” என்றார். முன்னே எங்களைத் தோற்கடித்த அதே பக்கம். வேலிக்கு வெளியே நின்றவர்கள் எனக்குக் கேட்கவே ஏசினார்கள். முதற்பாதியில் ஒரு கோல் வாங்கினோம். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். ஐந்து மணி தாண்டியதும் காற்று கூரைத் தகரத்தை ஆட்டத் தொடங்கியது. சவிரி உதைத்த பந்து எதிராளியின் கோலுக்கு முன்னால் போய் விழுந்து எழும்பியது, மன்னார்ப் பொடியன் ஒருவன் தலையால் தள்ளினான். இரண்டாவது கோலும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டுக்கு ஒன்று.

கெப்டன் அந்த சீசன் மட்டுமல்ல, இன்னும் இரண்டு சீசன் நின்றார். என் கதிரையில் நானாக எழும்பும் வரை நான்தான் இருந்தேன். மீன் ஏலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களே என்னிடம் வந்து, எங்கள் கழகத்துக்கும் ஓர் ஆள் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய ஆளைக் கொண்டுவருவது ஒரு காலைப்பொழுது வேலை. வந்த ஆளிடம் நம் ஆட்கள் “இல்லை” என்று சொல்லக்கூடிய இடத்தில் அவரை இருத்துவதுதான் வேலை.

இனி மலர் விஷயம். கழகத்தின் சிறப்பு மலருக்கு மாஸ்டர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் கெப்டனின் படம் ஒரு முழுப்பக்கம், நல்லது. சவிரியின் படம் அரைப்பக்கம், அதுவும் நல்லது. “மதிய உணவொன்றின்போது இடம்பெற்ற மனந்திறந்த கலந்துரையாடலே திருப்புமுனையாக அமைந்தது” என்று ஒரு வரி. உணவு தானாக வந்ததா? கலந்துரையாடல் தானாக இடம்பெற்றதா?

என் எழுத்தில் பிழை இருந்தால் மாஸ்டர் திருத்தட்டும், நடந்ததைத் திருத்த வேண்டாம். மேசை போட்டது நான். அந்தப் பிழையையும் என் பெயரிலேயே போடுங்கள், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாய் விரித்தது நான். சஹனில் நாலு பிடி மிஞ்சியிருந்தபோது கோப்பையை நிறைத்துக் கொட்டியதும் நான். சந்தேகம் என்றால் கெப்டனுக்கு டெலிபோன் எடுத்துக் கேளுங்கள். அல்லது உச்சமுனைக்குப் போய் சவிரியைக் கேளுங்கள், அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் அவன். அந்த வரியை வெட்டிவிட்டு, இரண்டாம் தரம் சோறு போட்டவர் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் முழுப் பெயரையும் போடுங்கள்.